நாற்பது ரூபாய்ப் பல்சக்கரம்

முதலில் முறிந்தது பின்னச்சு.
தேவனாம்பட்டினம் மணலில், ஞாயிறு மாலை,
சுண்டல் விற்கிறவர் காலடியில்
முயல்போலத் துள்ளி விழுந்த என் லாரி
ஒரு சக்கரத்தைக் கடல் பக்கம் அனுப்பிவிட்டு
மூன்றோடு நின்றது.

பத்தில் ஒரு பங்கு லாரி. ரிமோட் என் கையில்.
வயது முப்பத்தொன்பது. மின்வாரியத்தில் கணக்கீட்டாளர்.
தானே புயல் அடித்த வருஷம் வேலைக்குச் சேர்ந்தவள்.
'பையனுக்கா மேடம்?' என்று கேட்கிறவர்களிடம்
இப்போதெல்லாம் ஆமாம் என்றே சொல்லிவிடுகிறேன்.
பையன் கிடையாது.

கம்பெனி மாட்டி அனுப்பிய அச்சு பிளாஸ்டிக்.
உறுதியானதாக ஒன்று தேடினேன்.
ஷென்ஜெனிலிருந்து கிளம்பிய பார்சல்
சென்னை சுங்கத்தில் இருபத்து மூன்று நாள் உட்கார்ந்து
லாரி விலையில் பாதியாக வளர்ந்து வந்தது.
பிரித்தால், இடப்பக்கத்துக்கு இரண்டு.
வலப்பக்கத்துக்கு இல்லை.

பிறகு முதுநகர்.
இதயத்துல்லா லேத்தில், விசைப்படகுத் தண்டுகளுக்கு நடுவே,
ஆள்காட்டி விரல் நீளத்துக்கு ஓர் அச்சு கேட்டு நின்றேன்.
உடைந்த துண்டை வாங்கியவர்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.
'எந்த போட்டுக்கு?'
சொன்னேன்.
சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடித்தது.
எஃகுக் கம்பியைச் சக்கில் கவ்வி
இரு முனையிலும் நாய்க்குப் போடும் எலும்புபோலக் குமிழ் விட்டு
கடைந்து கொடுத்தார். நூற்றெண்பது ரூபாய்.
சூடு ஆறுமுன் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு அச்சு முறியவில்லை.
அச்சைத் தாங்கிய கோப்பை விண்டது.
கோப்பையை எஃகாக்கினேன்,
டிஃபரன்ஷியலில் பல் உதிர்ந்தது.
அதையும் எஃகாக்கினேன்,
கியர்பெட்டி இரண்டாய்ப் பிளந்தது, தேங்காய் மாதிரி.
அலுமினியப் பெட்டி போட்டேன்,
உள்ளே பெரிய பல்சக்கரம் வரைக்கும் எல்லாம் உலோகம்.
அன்றைக்கு மோட்டார் புகைந்தது.
சோளம் சுடுகிறவரே தலை தூக்கி மோப்பம் பிடித்தார்.

சம்பளத்தில் எவ்வளவு போயிருக்கும்?
எழுதி வைக்கவில்லை.
ஊர் ரீடிங் எல்லாம் எழுதுகிறவள்
இதை மட்டும் எழுதவில்லை.

மோட்டார் ஆறட்டும் என்று படகு நிழலில் உட்கார்ந்தேன்.
எஞ்சினைச் சாய்த்து வைத்து
விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தவர்
என் டப்பாவை எட்டிப் பார்த்தார்.
'ஒரு பின்னு இருக்குமா?'
கொட்டிக் காட்டினேன்.
என் எஃகுச் செல்வங்களை
விரல் நுனியால் ஒவ்வொன்றாக ஒதுக்கினார்.
அடியில் கிடந்தது, ஆரம்பத்தில் நான் மாட்டிப் பார்த்து
உதவாது என்று வீசிய பித்தளைத் துண்டு.
பல்லால் கடித்துப் பார்த்து எடுத்துக்கொண்டார்.
'இரும்பு இருக்கே' என்றேன்.
'அது உடையாதே' என்றார்,
குறை சொல்கிற குரலில்.

போன பங்குனியில் வண்டிப்பாளையத்தில் ஒரு வீடு.
பீஸ் கட்டையில் மெல்லிய கம்பி இருக்கவேண்டிய இடத்தில்
தென்னங்குச்சி தடிமனுக்குச் செம்பு முறுக்கியிருந்தது.
'அடிக்கடி போவுது மேடம், அதான் ஸ்ட்ராங்கா போட்டுட்டோம்.'
வாசலில் நின்று நான் திட்டிய திட்டு
இப்போது வரிசையாய் ஞாபகம் வந்தது,
ஒரு சொல் விடாமல்.

ராத்திரி லாரியைப் பிரித்தேன்.
அச்சு இருக்கட்டும். கோப்பை இருக்கட்டும்.
பெரிய பல்சக்கரத்தை மட்டும் கழற்றிவிட்டு
வெள்ளை நைலானில் நாற்பது ரூபாய்ச் சக்கரம் மாட்டினேன்.
நகத்தால் கீறினால் கோடு விழும்.
நான்கு திருகு கழற்றினால் கைக்கு வரும்.

ஞாயிறு. ஏழாவது நிமிஷம்.
அலை விட்டுப்போன மேட்டில் ஏறும்போது
கரகரவென்று பல் மழுங்கி நின்றது.
சுண்டல்காரர் 'போச்சா?' என்றார்.
'போச்சு' என்றேன். சிரிப்பு வந்தது.
மணலில் சம்மணமிட்டு
பையிலிருந்த மாத்திரை டப்பாவைத் திறந்தேன்.
திங்கள், செவ்வாய், புதன் என்று எழுதிய அறைகளில்
ஆளுக்கொரு வெள்ளைச் சக்கரம்.

திங்களை எடுத்தேன்.